மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்: மும்பையில் மீண்டும் ஓடத் தொடங்குபவர்களுக்கு

பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டர் ஓடியவர்கள், கல்லூரி அணியில் கபடியோ வாலிபாலோ ஆடியவர்கள், அப்புறம் வேலை, குழந்தை, காலை லோக்கல் ட்ரெயின் என்று பதினைந்து இருபது வருஷம் ஓட்டத்தையே மறந்தவர்கள் மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி ஓடத் தொடங்கி, ஒருநாள் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் முடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஓட ஆரம்பித்தால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். ஐந்தாறு வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்து, "பழைய ஆள் திரும்பி வந்துவிட்டான்" என்று தோன்றும். எலும்புக்கும் தசைநாணுக்கும் அப்படி இல்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். எலும்பு பலமாவதற்கு முன்னால் கொஞ்சம் தளரவும் செய்யும். அடி வாங்கிய இடத்தில் பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டுத்தான் உடல் புதியதைக் கட்டுகிறது. அரிப்பது சில வாரத்தில் முடியும்; கட்டி முடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஆக, மூச்சு நன்றாகி உற்சாகம் ஏறும் அதே நேரத்தில்தான் கால் எலும்பு பலவீனமாக இருக்கிறது. திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில் அடிபடுவது இதனால்தான். கீழே சொல்லும் கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே வருகின்றன.

தொடங்கும் முன்

வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தாலோ மருத்துவரைப் பார்க்காமல் ஓடாதீர்கள். ஈ.சி.ஜி.யும், அவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்டும் எடுத்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின் டி ஆகியவற்றோடு பி12 அளவையும் சேர்த்துப் பாருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். ஹீமோகுளோபின் குறைந்த பெண்கள் எவ்வளவுதான் பயிற்சி செய்தாலும் களைப்பு தீராது. இரும்புச்சத்தைச் சரிசெய்த பிறகு ஓட்டம் தானாகவே இலகுவாகும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அன்றே ஓட்டத்தை விட்டுவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். "வெறும் வாயுத் தொல்லைதான்" என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது காலண்டர். மும்பை மாரத்தான் 2004-ல் தொடங்கியது. ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கிறது. ஓட்டத்தை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் வரும் ஜனவரியில் அரை மாரத்தான், அதற்கடுத்த ஜனவரியில் முழு மாரத்தான் என்று வைத்துக்கொள்வதுதான் சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரே வருஷத்தில் முழு மாரத்தானை முடித்தவர்கள் உண்டு. ஆனால் அதில் பலர் வலி மாத்திரையோடு முடித்து, அப்புறம் ஆறு மாதம் ஓடாமல் இருந்தவர்கள். பதிவு வழக்கமாக ஆகஸ்ட் வாக்கில் திறக்கும். முந்தைய ஓட்டத்தின் நேரச் சான்றிதழ் யாருக்கு எப்படித் தேவை என்ற விதி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் சிப் வைத்து நேரம் பார்க்கும் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை முன்கூட்டியே ஓடிச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பதின்மூன்று வாரம்

முதல் மூன்று வாரம் ஓட்டமே கிடையாது. வாரம் ஐந்து நாள், நாற்பது நிமிடம், வேகமான நடை மட்டும். பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி இதுதான். கணுக்காலும் உள்ளங்காலும் தரையோடு மறுபடி பழகுவது இங்கேதான் நடக்கிறது.

நான்காவது வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் ஓட்டம். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் நடை. நடுவில் செய்ய வேண்டியது இது:

1. ஓட்ட வாரம் 1: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு தடவை.
2. வாரம் 2: அதே அளவு, பத்து தடவை.
3. வாரம் 3: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஏழு தடவை.
4. வாரம் 4: மூன்றுக்கு இரண்டு, ஆறு தடவை.
5. வாரம் 5: மறுபடியும் வாரம் 3-இன் அளவு. வேண்டுமென்றே இறக்கியிருக்கிறோம்.
6. வாரம் 6: ஐந்துக்கு இரண்டு, நான்கு தடவை.
7. வாரம் 7: எட்டுக்கு இரண்டு, மூன்று தடவை.
8. வாரம் 8: பத்துக்கு இரண்டு, மூன்று தடவை.
9. வாரம் 9: பதினைந்துக்கு இரண்டு, இரண்டு தடவை.
10. வாரம் 10: நிற்காமல் முப்பது நிமிடம்.

ஐந்தாவது வாரத்தில் அளவைக் குறைக்கச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. அப்போதுதான் மூச்சு நன்றாகி, "இன்னும் ஓடலாமே" என்று கால் பரபரக்கும். எலும்பைப் பற்றி மேலே சொன்னதை அந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யலாம், தவறில்லை. இரண்டு வாரத்தை ஒன்றாக்குவதுதான் தவறு.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிய வேண்டும். "நேத்து சாயங்காலம் தாதர்ல ட்ரெயின் அரை மணி நேரம் நின்னுடுச்சு" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "நேத்து... சாயங்காலம்... தாதர்ல..." என்று உடைந்தால் குறையுங்கள். இந்த வேகம் பலருக்கு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று வரும். அதைவிட மெதுவாக வந்தாலும் பாதகமில்லை. வாட்ச் காட்டும் இதயத்துடிப்பு எல்லைகளை அப்படியே நம்ப வேண்டாம். 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஆளுக்கு ஆள் பத்து பன்னிரண்டு துடிப்பு தள்ளிப்போகும். போதாததற்கு, மும்பைப் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும்.

ஓடும் விதத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறோம்: அடி சின்னதாக இருக்கட்டும். காலை முன்னால் நீட்டி எட்டி வைத்தால் குதிகால் தரையில் இடிக்கும், அந்த அதிர்ச்சி முழுவதையும் முட்டி வாங்கிக்கொள்ளும். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். கையை எப்படி வைப்பது, முன்பாதத்தில் ஓடுவதா குதிகாலில் ஓடுவதா என்ற விவாதமெல்லாம் இப்போது தேவையில்லை.

ஷூ

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸைப் போட்டுப் பாருங்கள். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவில் கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்குக் கட்டை விரலைவிட இரண்டாவது விரல் நீளம். அவர்கள் அந்த விரலிலிருந்து அளக்க வேண்டும். சாதாரணச் செருப்பு அளவைவிட அரை அளவோ ஓர் அளவோ கூடத்தான் வரும்.

குதிகால் நழுவினால் ஷூவை மாற்றும் முன் லேஸைச் சரிசெய்து பாருங்கள். ஷூவின் மேல் ஓரத்தில், கணுக்காலுக்கு மிக அருகே, யாரும் பயன்படுத்தாத ஓர் ஓட்டை கூடுதலாக இருக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்திலுள்ள அந்த ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம் செய்யுங்கள். இரண்டு பக்கமும் வளையம் ஆனதும், வலது லேஸ் நுனியை இடது வளையத்துக்குள்ளும் இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது, மேல்பாதத்தை அழுத்தவும் செய்யாது. கறுத்துப்போன கால் நகத்துக்கும் பெரும்பாலும் இந்த நழுவல்தான் காரணம்.

நாலாயிரம் முதல் எட்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல பயிற்சி ஷூ கிடைக்கும். கார்பன் பிளேட் வைத்த பந்தய ஷூ முதல் மாரத்தானுக்கு வேண்டவே வேண்டாம். 600 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஷூவின் மெத்தை செத்துவிடும். மேலே பார்க்கப் புதிதாகவே தெரியும். வாங்கிய தேதியை நாக்குப் பகுதியின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்தால் கணக்கு தவறாது.

பனியனும் சாக்ஸும் பருத்தியில் வேண்டாம். வியர்வையைக் குடித்து, உரசி, ஒரு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்க்காம்பு, பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டை படும் இடம் ஆகிய எல்லாவற்றிலும் வாசலின் தடவுங்கள். ஒருமுறை உரசிப் புண்ணான பிறகு வெந்நீர் பட்டால் தெரியும் எரிச்சலைச் சொல்லி மாளாது.

எங்கே ஓடுவது

மாதுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் வரம். மர நிழலும் காலையில் போக்குவரத்துக் குறைவும் தொடக்க வாரங்களுக்குப் போதும். சிவாஜி பார்க்கைச் சுற்றும் கட்டையோரம் ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர்; தண்ணீர் பாட்டிலை ஓரிடத்தில் வைத்துவிட்டு ஓடலாம். மெரின் டிரைவ் மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, சமதளம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருப்பதால் இருட்டோடு தொடங்கும் பெண்களுக்கு வசதியான இடம். போரிவலி தேசியப் பூங்காவும் ஆரே காலனியும் ஏற்ற இறக்கத்துக்கு நல்லவை. ஆனால் அங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு. இருட்டில் தனியாகப் போகாதீர்கள்.

நடைபாதையில் பதித்த பேவர் கட்டைகள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருக்கும். கணுக்கால் மடங்குவது அங்கேதான். அதிகாலையில் தார் ரோட்டின் ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுவது மேல். ரோடு ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் ஒரு கால் மட்டும் அதிகச் சுமை தாங்கும். வண்டியில்லாத இடங்களில் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். தெருநாய் துரத்தினால் நின்று, நடைக்கு மாறி, கண்ணை நேராகப் பார்க்காமல் விலகுங்கள். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட வேண்டும்.

நீள ஓட்டத்துக்கு ஒரு நல்ல வழி: சிவாஜி பார்க்கில் தொடங்கி, பிரபாதேவி, வர்லி, ஹாஜி அலி, பெடர் ரோடு, மெரின் டிரைவ் வழியாகச் சர்ச்கேட். சுமார் 12 கிலோமீட்டர். திரும்பி ஓட வேண்டாம். ஸ்லோ லோக்கலில் மாதுங்கா ரோடு வந்துவிடலாம். தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கும் ஞாயிறு மெகா பிளாக் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும், அதற்குள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். மாரத்தானின் கடைசிப் பகுதியை நினைவில் வைத்துப் பழகவும் இந்த வழி உதவும்.

மழை

ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம். மழைக்காக ஓட்டத்தை நிறுத்தினால் ஜனவரி கைவிட்டுப் போகும். ஆனால் மழையில் எப்படி ஓடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அடியில் திறந்த சாக்கடைக் குழி இருந்தால் தெரியாது. காலில் வெடிப்போ கொப்புளமோ இருந்து அந்தத் தண்ணீர் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். நாலரை மீட்டருக்கு மேல் கடல் ஓதம் வரும் நாட்களில், அந்த நேரத்தில் மெரின் டிரைவ் பக்கம் போக வேண்டாம். அலை சுவரைத் தாண்டி வந்து விழும், தரை பாசியோடு வழுக்கும்.

நனைந்த ஷூவை வெயிலிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் பசை விடும். உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை (இன்சோல்) தனியாக எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனி வரை திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிப்போயிருக்கும். எடுத்துவிட்டுப் புதுத் தாள். இரண்டு முறை மாற்றி, ராத்திரி ஃபேன் காற்றில் வைத்தால் காலையில் போட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இரண்டு ஜோடி வைத்திருப்பவர்களுக்கு நிம்மதி. கொட்டும் நாளில் சொசைட்டி படிக்கட்டில் இருபது நிமிடம் ஏறி, லிஃப்ட்டில் இறங்கலாம். ஏறுவது இதயத்துக்கு வேலை. இறங்குவதுதான் முட்டியைப் படுத்தும்.

வலி

எல்லா வலிக்கும் நின்றுவிட்டால் யாரும் மாரத்தான் ஓட முடியாது. எல்லா வலியையும் பொறுத்துக்கொண்டால் சீக்கிரமே ஓட்டம் நின்றுவிடும். பத்துக்கு மூன்று அளவு வலி, ஓட ஓடக் கூடாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் ஓடலாம். நடையை நொண்டும்படி மாற்றும் வலி எதுவானாலும் நிறுத்துங்கள்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பில் வலித்தால் விரல் நுனியால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்புறையின் அழற்சி. அளவைப் பாதியாக்கி, கெண்டைக்கால் பயிற்சியைச் சேர்த்தால் சில வாரத்தில் அடங்கும். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், அதுவும் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம். ஓடாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதுண்டு, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் அது உள்ளங்கால் பட்டையின் தொல்லை. ஸ்டேஷன் பாலத்தில் படி இறங்கும்போது முட்டிச்சிப்பியைச் சுற்றி வலித்தால் தொடையும் இடுப்பும் பலவீனம் என்று பொருள். குதிகாலுக்கு மேலே பின்பக்க நாண் காலையில் விறைத்திருந்தால் வேகப் பயிற்சியையும் ஏற்றத்தையும் நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் முன்னெச்சரிக்கை, வாரம் இரண்டு முறை இருபது நிமிடப் பலப் பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, மூன்று எண்ணும் நேரம் மெதுவாகக் குதிகாலை இறக்கி ஏற்றுவது 15 தடவை, மூன்று சுற்று. ஒற்றைக் காலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது எட்டு தடவை. படுத்து இடுப்பைத் தூக்குவது 15 தடவை. பிளாங்க் (முழங்கையிலும் கால்விரலிலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்துவது) அரை நிமிடம், மூன்று முறை. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபது தடவை முழுசாக உயர்த்த முடியவில்லையென்றால் வாரக் கிலோமீட்டரைக் கூட்டாதீர்கள். காசு செலவில்லாத, நேர்மையான பரிசோதனை இது.

முழு மாரத்தானின் பதினெட்டு வாரம்

முப்பது நிமிடம் ஓட முடிந்த பிறகு நான்கைந்து மாதம் மெதுவாகக் கூட்டி வாரம் 25 கிலோமீட்டருக்கு வந்து, அரை மாரத்தான் ஒன்றை வலியில்லாமல் முடித்தவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. ஜனவரி மூன்றாம் ஞாயிறிலிருந்து பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் நடுவில் தொடங்க வேண்டும். வாரம் நான்கு ஓட்டம்: இரண்டு சுலபமானவை, ஒன்று கொஞ்சம் விறுவிறுப்பானது, ஞாயிறு ஒரு நீள ஓட்டம். ஞாயிறு ஓட்டத்தின் கிலோமீட்டர் வாரவாரியாக இப்படி:

14, 16, 18, 13, 20, 22, 16, 24, 18, 26, 28, 18, 30, 20, 32, 22, 13, பதினெட்டாவது ஞாயிறு மாரத்தான்.

நடுவே இறங்கும் எண்கள்தான் இந்த வரிசைக்கு உயிர். உடம்பு கட்டப்படுவது அந்த வாரங்களில்தான். மெதுவாக ஓடுபவர்கள் நான்கு மணி நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்; 32 வரவில்லையென்றால் 29-இல் நிறுத்தலாம். ஒரு ஞாயிறு தவறிப்போனால் அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓட வேண்டாம், போனது போனதுதான்.

விறுவிறுப்பான ஓட்டம் என்பது மூன்று நான்கு சொற்களாக மட்டும் பேச முடியும் வேகத்தில் மொத்தம் இருபது நிமிடம், முன்னும் பின்னும் சுலபமான ஓட்டம். குழுவோடு ஓடுவது நல்லதுதான், ஆனால் பலர் குழுவில் வேகமானவர்களோடு ஒட்டிக்கொண்டு சுலபமான நாளையும் பந்தயமாக்கிவிடுவார்கள். உங்களைவிடக் கொஞ்சம் மெதுவானவரைத் துணைக்குத் தேடுங்கள்.

அக்டோபர் வெயில் மும்பைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த மாதம் நீள ஓட்டத்தை நாலரை மணிக்கே தொடங்குங்கள். வேகம் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் குறைந்தாலும் கவலை வேண்டாம். நவம்பரில் வெயில் தணிந்தால் காற்று கெடும். காற்றின் தரக் குறியீடு 200-ஐத் தாண்டிய காலையில் வெளியே கடின ஓட்டம் வேண்டாம். தீபாவளி வாரத்தை இறங்கும் வாரமாக மாற்றிக்கொள்ளலாம். நவராத்திரியில் கொலு வீடுகளில் கிடைக்கும் சுண்டல் நல்ல புரதம். ஆனால் சனிக்கிழமை ராத்திரி மட்டும் தவிருங்கள், ஞாயிறு காலை வயிறு சும்மா விடாது.

சாப்பாடும் தண்ணீரும்

நம் சாப்பாட்டில் மாவுச்சத்துக்குப் பஞ்சமில்லை, குறைவது புரதம். உடல் எடை 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 75 முதல் 90 கிராம் புரதம் வரும்படி பருப்பு, தயிர், பன்னீர், முட்டை, மீன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் ரசம் சாதத்தில் அது வராது. நீள ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி சர்க்கரையோடு, அல்லது வாழைப்பழமும் பிரெட்டும். எண்ணெயும் சாம்பாரும் வேண்டாம். ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர்கள் குடிக்கலாம். வயிற்றைக் காலி செய்யவும் உதவும்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம், ஓடுபவர்களுக்கென்று விற்கும் இனிப்பு ஜெல் பாக்கெட் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும். கடலைமிட்டாய் ருசிதான், ஆனால் ஓடிக்கொண்டே மெல்ல முடியாது, கொழுப்பும் அதிகம். பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிடும். நாற்பதாவது நிமிடத்திலிருந்தே தொடங்குங்கள்.

தண்ணீருக்கு உங்கள் கணக்கை நீங்களே எடுக்கலாம். ஓடும் முன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் ஓடிவிட்டு வந்து துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. அந்த அளவு முழுவதையும் திருப்பிக் குடிக்கத் தேவையில்லை. தாகத்தை ஒட்டி மணிக்கு 400 முதல் 800 மில்லி பலருக்குப் போதும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்க் குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகும். ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சிறுநீரக நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ போடவே கூடாது. உடல் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

அந்த ஞாயிறு

மார்பில் குத்திக்கொள்ளும் பிப் எண்ணை முன்பே நேரில் போய் வாங்க வேண்டும்; அடையாள அட்டை மறக்காதீர்கள். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் கடைசி நாள் கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்க நேரும், காலுக்கு நல்லதல்ல. சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள்: சாதம், பருப்பு, தயிர், அவ்வளவுதான். தூக்கம் வராது, அது பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரித் தூக்கம்தான் முக்கியம்.

முழு மாரத்தான் சூரியன் உதிக்க இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். ஜனவரியில் மும்பையில் உதயம் ஏழேகால் வாக்கில். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் ஓடுபவர் முடிக்க 5 மணி 38 நிமிடம் ஆகும். அதாவது கடைசி ஒன்றரை மணி நேரம் நல்ல வெயில். தொப்பியைக் கடைசி வரை எறியாதீர்கள். பாதையும் நேர எல்லையும் மாறக்கூடும், அந்த வருஷத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்துக் கிலோமீட்டரை, நினைத்த வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து வினாடி மெதுவாக ஓடுங்கள். இருட்டு, குளிர்ச்சி, கூட்டம், கைதட்டல் எல்லாம் சேர்ந்து காலை இழுக்கும். அங்கே சேமிக்கும் இரண்டு நிமிடத்தைக் கடைசியில் இருபது நிமிடமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். சீ லிங்க் கடல் பாலத்தில் கடற்காற்று இதமாக இருக்கும், வியர்வை காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. அங்கேயும் தவறாமல் குடியுங்கள். முப்பதுக்கு மேல்தான் உண்மையான ஓட்டம். பெடர் ரோடு ஏற்றம் 35-ஐ ஒட்டி வரும். அதை ஓடிக் கடக்க வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். சின்ன அடி வைத்து நடந்து ஏறி, உச்சியில் மறுபடி ஓட்டத்தைப் பிடித்தால் இழப்பது ஒரு நிமிடம்தான்; கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் இழப்பது அதைவிட அதிகம். வழியெங்கும் மக்கள் ஆரஞ்சும் பிஸ்கட்டும் அன்போடு நீட்டுவார்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகியதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதற்குப் புன்னகையோடு நன்றி சொல்லுங்கள்.

பக்கத்தில் ஓடுபவர் தடுமாறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உங்கள் நேரத்தை விடுங்கள். அவரை நிழலில் உட்கார வைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, மருத்துவக் குழுவை அழையுங்கள்.

முடித்ததும் சட்டென உட்காராதீர்கள். ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். பத்து நிமிடம் நடந்து, உப்பும் இனிப்பும் கலந்து ஏதாவது குடித்து, ஒரு மணி நேரத்துக்குள் தயிர்சாதமோ பொங்கலோ சாப்பிடுங்கள். அன்று சிறுநீர் காபி நிறத்தில் வந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அறிகுறி அது. இரண்டு நாளைக்கு ஸ்டேஷன் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். ஒரு வாரம் நடை மட்டும். பத்தாவது நாள் இருபது நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். நாலாவது வாரம் வரை வேக ஓட்டமும் நீள ஓட்டமும் வேண்டாம். மூச்சு இரண்டாவது வாரமே தயாராகிவிடும், எலும்பு இன்னும் தயாராகியிருக்காது.